முகம் விழாத படங்கள்

ஞாயிறு பூசையின் கடைசிப் பாட்டு முடியும் முன்பே கிராணி இராயப்பன் எழுந்து சவேரியார் கோவில் வாசலுக்கு வந்துவிடுவார். கழுத்தில் தோல்வாரில் கேமரா தொங்கும். வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைக் கோட்டுமாக அவர் நிற்பதைப் பார்த்தால், பினாங் துறைமுகக் கிடங்கில் அரிசி மூட்டைகளை எண்ணி எழுதுகிற கிராணி என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுங்கை பினாங் ஆட்கள் அவரைக் கண்டதும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "அண்ணே, ஒரு படம்லா" என்று சிரிப்பார்கள். அவரும் பிடிப்பார். அந்தப் படங்கள் என்ன ஆயின என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கு, "அன்னிக்கு வெளிச்சம் சரியில்ல, அடுத்த வாட்டி பாப்பம்" என்ற பதில் கிடைக்கும்.

அந்த ஆசை அவரை எப்போது பிடித்தது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் துறைமேடையில் நின்று படம் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து வந்திருக்கலாம். முதலில் ஒரு பெட்டிக் கேமரா வாங்கினார். அதில் பிடித்த படங்களில் பாதிக்கு மேல் கறுப்பாகவோ வெளிறியோ வந்தன. மற்றதில் ஆள் இருந்தால் தலை இல்லை. பெட்டி மட்டமானது, அதனால்தான் இப்படி என்று முடிவு செய்தார். அடுத்து வாங்கியது துருத்தி வைத்த மடக்குக் கேமரா. அதன் கண்ணாடியைச் சுற்றி எண்கள் பொறித்திருந்தார்கள். எண்களை அவர் ஒருநாளும் திருப்பியதில்லை. கடையில் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே வைத்துக்கொண்டு காலை வெயிலிலும் பிடித்தார், மழை மூட்டத்திலும் பிடித்தார். அதிலும் படம் விழவில்லை என்றதும், கண்ணாடி போதாது, ஜெர்மன்காரன் செய்ததுதான் நிற்கும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

இந்தக் கேமராக்களை எல்லாம் அவருக்கு வரவழைத்துக் கொடுத்தவர் சூலியா தெருவில் கடை வைத்திருந்த சீனி முகம்மது. பிலிமைக் கழுவித் தருவதும் அவர்தான். கெட்டுப்போன பிலிம்களை வாரம் தவறாமல் பார்த்த மனிதர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கிராணியாரே, ஒரு நா சாயங்காலமா வாங்களேன். இந்த நம்பரெல்லாம் எதுக்குன்னு காட்டித் தாரேன். பெரிய வித்தை ஒண்ணுமில்ல."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் பாய். கூடவே புஸ்தகம் குடுத்திருக்கான்" என்றார் இராயப்பன். முகம் சிவந்துவிட்டது.

சீனி முகம்மது அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நல்ல வாடிக்கைக்காரரை இழக்க அவருக்கு மனமில்லை. புத்தகம் அலமாரியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

இராயப்பனுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் மனைவி ஆலிஸும் தம்பி பால்ராஜும்தான். பால்ராஜ் அப்போது இருபத்து நாலு வயது வாலிபன். கருகருவென்ற சுருட்டை முடி, அகன்ற தோள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் உடம்பு பிழைத்தது, புத்தி அந்த வயதிலேயே நின்றுவிட்டது. வீட்டு ஆட்களோடு பேசுவான். வெளி ஆட்கள் எதிரே வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும், பேரைக் கேட்டால்கூடச் சொல்லமாட்டான். தாய் சாகும்போது அவனை மூத்தவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆலிஸ் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள், தலைவாரிவிட்டாள்.

அண்ணன் கேமராவைக் கையில் எடுத்தால் பால்ராஜுக்குத் தலைகால் புரியாது. ஓடிப்போய்ச் சுவரோரம் நிற்பான். கைகளைத் தொடையோடு ஒட்டி, தாடையை உயர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான். "போதும்டா" என்று அண்ணன் சொன்னால்தான் அசைவான். மற்றவர்கள் எல்லாம் சலித்துப்போய் நகர்ந்துவிட்ட பிறகு, இராயப்பனுக்கு வாய்த்த ஒரே ஆள் அவன். அவனைப் பிடித்த படங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன.

அவற்றை ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு ஆலிஸ் சொன்னாள்: "ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் தம்பிய ஒழுங்கா ஒரு படம் எடுத்துட்டு வாங்களேன். இதுல ஒண்ணுலயாவது அவன் மூஞ்சி தெரியுதா?"

"வீட்டுல கேமரா மேல கேமரா வெச்சுக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போனா சனங்க சிரிக்காதா?"

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"ஜெர்மன் பெட்டி வரட்டும், பாரு" என்றார் அவர்.

ஜெர்மன் கேமரா வந்தது 1931-ஆம் வருஷம். ரப்பர் விலை விழுந்து, கித்தாத் தோட்டங்களில் ஆள் குறைத்து, வேலை போன தமிழர்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. துறைமுகம் முழுக்கத் தகரப் பெட்டியும் துணி மூட்டையும் அழுகிற குழந்தைகளுமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் இராயப்பன் தம்பியை அங்கே அழைத்துக்கொண்டு போனார். பெரிய கப்பல் பின்னால் தெரிய, தம்பி முன்னால் நிற்க, புதுக் கேமராவில் முதல் படம் அதுவாக இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

கிடங்கின் ஓரமாக நிழல் இல்லாத இடத்தில் பால்ராஜை நிறுத்தினார். "அசையக்கூடாது. அண்ணன் சொல்ற வரைக்கும் இப்படியே நிக்கணும், தெரிஞ்சுதா?" பால்ராஜ் தலையைக்கூட ஆட்டவில்லை, அதற்குள் மூச்சைப் பிடித்துவிட்டான்.

விசையை அழுத்தினார். அழுந்தவில்லை. பிலிம் திருகும் குமிழைச் சுற்றினார், பாதியில் இறுகிக்கொண்டது. பலமாகத் திருகினார். உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. வாங்கி ஒரு வாரம் ஆகாத சாமான். அவருக்கு வியர்த்துவிட்டது. வெளிச்சத்தில் திறந்தால் பிலிம் கெட்டுவிடும் என்ற ஒன்று மட்டும் தெரிந்திருந்ததால், தம்பியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுக் கிடங்கின் உள்ளே இருட்டு மூலைக்குப் போனார். கோட்டைக் கழற்றிக் கேமராவின்மேல் போர்த்தி, உள்ளே கைவிட்டுத் துழாவினார். மூடி திறக்கவில்லை. எந்தப் பக்கம் திருகினால் திறக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. வெளியே கப்பல் சங்கு ஊதியது. ஆட்களை வரிசைப்படுத்திக் கத்துகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூலையிலேயே இருந்துவிட்டார்.

வெளியே வந்தபோது கப்பல் புறப்பட்டிருந்தது. பால்ராஜ் நின்ற இடத்தில் யாரோ விட்டுப்போன ஒரு பாய்ச்சுருள் கிடந்தது.

"பால்ராஜு!" என்று கூப்பிட்டார். பிறகு ஓடினார். மூட்டை தூக்குகிறவர்களை மறித்துக் கேட்டார். ஒருவன் மட்டும் சொன்னான்: "வரிசைய நடுவுல மறிச்சிக்கிட்டு ஒரு ஆளு கல்லு மாதிரி நின்னான் ஐயா. ஒதுங்கு, ஒதுங்குன்னு பின்னால இருந்தவங்க தள்ளிக்கிட்டே போனாங்க. அப்புறம் பாக்கல."

வரிசை கப்பலுக்குத்தான் போனது. அப்படியானால் தம்பி கப்பலில் இருக்கிறான். இராயப்பன் துறைமேடையின் முனைக்குப் போய், சிறுத்துக்கொண்டே போன கப்பலைப் பார்த்தபடி தலையில் அடித்துக்கொண்டார். கேமரா கழுத்தில் கிடந்து மார்பில் இடித்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆலிஸ் முக்காடைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, ஆற்றங்கரை வரைக்கும் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனாள்.

இராயப்பன் காவல் நிலையத்துக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்த தமிழ்ச் சார்ஜெண்டு நல்ல மாதிரி. எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, "படம் ஏதும் இருக்கா?" என்றார்.

"இருக்கு, நெறைய இருக்கு" என்று இராயப்பன் வீட்டுக்கு ஓடிப் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார்.

சார்ஜெண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றில் சுவர் இருந்தது. ஒன்றில் கால்கள். ஒன்றில் இரண்டு பால்ராஜ்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். பல படங்களில் புகைமாதிரி ஒரு உருவம் மட்டும் தெரிந்தது. அவர் டின்னின் அடிவரைக்கும் போய்விட்டு நிமிர்ந்தார். "படமெல்லாம் இருக்குங்க. ஆளத்தான் காணோம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகப் போய், டின்னை மெதுவாக மூடித் திருப்பிக் கொடுத்தார்.

ஆலிஸ் விளக்கடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பிரித்தாள். கடைசியில் ஒரு படம் தேறியது. கடற்கரைத் திடலில் உச்சி வெயிலில் பிடித்தது. தலை முதல் இடுப்பு வரை இருந்தது, கண் மூக்கு இருக்கும் இடம் தெரிந்தது. வெளிச்சம் அளவுக்கு மீறிப் பாய்ந்ததால் தோல் வெளுத்து, கறுத்த சுருட்டை முடி சாம்பல் பூசியதுபோல் வந்திருந்தது. இராயப்பனுக்கு அது பால்ராஜ்தான். இருபத்து நாலு வருஷம் பார்த்த முகம், கோடு அழிந்த இடத்தையெல்லாம் அவர் மனமே போட்டு நிரப்பிக்கொண்டது.

"இது போதும். நல்லாத் தெரியுது" என்றார்.

சீனி முகம்மதுவிடம் சொல்லி அதையே பல பிரதிகள் போடவைத்து, பின்னால் பால்ராஜ் என்ற பேரையும் வீட்டு விலாசத்தையும் எழுதினார். நாகப்பட்டினம் பங்குச் சாமியாருக்கு ஒன்று தபாலில் போயிற்று. கப்பல் ஆபீசுக்கு ஒன்று. தீவுக்கு எதிரே, அக்கரைத் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றிப்போகும் தொங்கான் படகுக்காரர் கமாலிடம் சிலவற்றைக் கொடுத்து, "போற எடத்துல எல்லாம் காட்டு கமாலு" என்றார்.

"ஆளு எப்படி இருப்பாரு அண்ணே? அடையாளம் கிடையாளம்?"

"அதான் படம் இருக்கே. காட்டினா தெரிஞ்சுக்குவாங்க."

ஆலிஸ் பக்கத்தில் நின்றவள், "வாயாலயும் சொல்லிவிடுங்க" என்றாள். அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் மனமெல்லாம் கப்பலில் இருந்தது. அக்கரையில் தேடுவதெல்லாம் வெறும் சாங்கியம் என்று நினைத்தார்.

அந்தக் கப்பல் போய்த் திரும்பும்வரை இராயப்பன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். கடலில் தம்பி பசிக்கு என்ன செய்வான், யாரிடம் கேட்பான் என்று நினைக்கும்போதெல்லாம் தட்டில் இருக்கிற சோற்றைத் தள்ளிவைத்துவிடுவார். கிடங்கில் மூட்டைக் கணக்கு தப்பியது. பெரிய கிராணி இரண்டு தடவை கூப்பிட்டுச் சத்தம் போட்டார். வேலை முடிந்து பாயான் லெப்பாஸ் வரைக்கும் நடந்து, வயல்காட்டு மலாய்க் கிராமங்களில் படத்தைக் காட்டிவிட்டு, இருட்டின பிறகு திரும்பினார். எல்லோரும் படத்தைக் கையில் வாங்கி, சாய்த்துப் பார்த்து, இல்லையென்று தலையாட்டினார்கள்.

கப்பல் திரும்பி வந்த அன்று அவர்தான் முதல் ஆளாக ஏணியடியில் நின்றார். கப்பலாட்கள் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். "இந்த மாதிரி பெரியவங்க நூறு பேரு வந்தாங்க. யாருன்னு சொல்றது?" என்றான் ஒருவன்.

"பெரியவர் இல்லைய்யா, சின்னப் பையன்!"

அவன் மறுபடி படத்தைப் பார்த்தான், இராயப்பனைப் பார்த்தான், படத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

பெரியவங்க என்ற அந்த ஒரு வார்த்தை இராயப்பனின் மண்டையில் நின்றது. வீட்டுக்கு வந்து படத்தை ஆலிஸிடம் நீட்டி, "இதப் பாத்தா ஒனக்கு யாரு மாதிரி இருக்கு? உண்மையச் சொல்லு" என்றார்.

ஆலிஸ் அதைக் கையில் வாங்கவில்லை. "எனக்குத் தம்பிதான் தெரியுது. ஊர்க்காரங்களுக்கு யாரோ கெழவன். இத இங்கயே வெச்சுட்டுப் போங்க. நீங்களே போயி வாயத் தொறந்து கேளுங்க. நானும் வாரேன்."

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. போனால் வேலை இருக்குமா என்பதும் தெரியவில்லை. கமாலின் தொங்கானிலேயே இருவரும் ஏறி அக்கரைக்குப் போனார்கள். கரையோரமாக ஒவ்வொரு துறையிலும் இறங்கிக் கேட்டார்கள். பத்து காவான் என்ற துறையில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. தோட்டத்துக் கூலி வீட்டு லயத்தின் முன்னால் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் ஆலிஸ் கேட்டாள். கங்காணி சுப்பையாவின் சம்சாரம் வள்ளியம்மா அவள்.

"வாட்டசாட்டமான பையன் அக்கா. சுருட்ட முடி. கேட்டா பேசமாட்டான். கொஞ்சம் புத்தி மந்தம்."

வள்ளியம்மாவின் கை நின்றுவிட்டது. "யாராச்சும் உத்துப் பாத்தா வெறச்சிக்கிட்டு நிப்பானா? கைய இப்படி வெச்சிக்கிட்டு?"

"ஆமா" என்று இராயப்பன் முன்னால் வந்தார். "ஆமா, ஆமா! எங்க இருக்கான்?"

வள்ளியம்மா முறத்தை வைத்துவிட்டு உள்ளே போய்ப் புருஷனை அழைத்து வந்தாள். சுப்பையா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததுமே ஆலிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாங்க ஒரு கூட்டமா கப்பலுக்குப் போனோங்க" என்றார் சுப்பையா. "எடமில்ல, அடுத்த கப்பலுக்கு வாங்கன்னு எங்களத் திருப்பிட்டாங்க. தொங்கான்ல ஏறி வந்து எறங்கிப் பாத்தா ஒரு ஆளு கூட இருக்கான். வேற தோட்டத்து ஆளு தப்பி வந்திருக்கும்னு நெனச்சேன். பேரு கேட்டா சொல்லல. ராமசாமின்னு நாங்களா ஒரு பேரு வெச்சோம். என் சம்சாரந்தான் சோறு போட்டுச்சு. நல்ல புள்ளைங்க. தண்ணி எடுத்துக் குடுப்பான். சாயந்தரமானா தொறைக்குப் போயிருவான். எங்களோட பழகின பெறகு எதுக்குடான்னு கேட்டா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவான், 'அண்ணன் வரும்'னு."

இராயப்பன் நின்றபடியே இருந்தார்.

"மழையோட காய்ச்சல் வந்துச்சு. லயத்துல பாதிப் பேரு படுத்துட்டாங்க. டிரஸ்ஸரு வந்து கொயினா மருந்து குடுத்தாரு. மத்தவங்க எந்திரிச்சாங்க. இவன் எந்திரிக்கல. போன வாரம்."

போன வாரம். இராயப்பன் வாய்க்குள்ளேயே அதைத் திரும்பச் சொன்னார். பிறகு கமால் பக்கம் திரும்பி, "நீ இங்க வரலயா? படத்தக் காட்டலயா?" என்று கத்தினார்.

கமாலுக்கு முன்பே வள்ளியம்மா சொன்னாள்: "காட்டினாருங்க. நானுந்தான் பாத்தேன். நரச்ச தலையா யாரோ பெரியவரு படம். பால்ராஜுன்னு பேரு சொன்னாரு. அப்படி யாரும் இங்க இல்லன்னு அனுப்பிட்டோம்." அவள் லயத்தின் வாசலைக் காட்டினாள். "அன்னிக்கு அந்தப் புள்ள உள்ளதான் படுத்திருந்தான். அண்ணன் தம்பியத் தேடுறாருன்னு அவர் ஒரு வார்த்த சொல்லியிருந்தாகூட..."

கமால் இடுப்பு மடியிலிருந்து மிச்சமிருந்த ஒரு பிரதியை எடுத்தார். வள்ளியம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். "இதுவா அவன்?" என்றாள். "இதுவா?"

லயத்துக்குப் பின்னால் தென்னை மரங்களுக்கு நடுவே புதுமண் மேடு ஒன்று இருந்தது. தலைமாட்டில் யாரோ ஒரு செம்பருத்திக் கொம்பை நட்டிருந்தார்கள். இராயப்பன் அதன்மேல் குப்புற விழுந்து, மண்ணைக் கையால் பறிக்க ஆரம்பித்தார். முகத்தை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், ஒரே ஒரு தடவை என்று அரற்றினார். சுப்பையாவும் கமாலும் சேர்ந்து அவரைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. ஆலிஸ் அவர் பக்கம் வரவில்லை. அவள் வள்ளியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சாப்பிட்டான், இரவில் பயந்தானா, யார் பக்கத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வள்ளியம்மாவும் அழுதுகொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

பங்குச் சாமியாரை அழைத்துப்போய் அந்த மேட்டை மந்திரித்து, பால்ராஜ் என்று பேர் எழுதிய சிலுவையை நட்டுவிட்டு வந்தார்கள். இராயப்பனின் கிடங்கு வேலை போய்விட்டது. சில மாதங்கள் கழித்து ஓர் அரிசி மண்டியில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தார். ஆலிஸ் அவரை ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறி, யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு நடந்துவிடுவார்.

மறு வருஷம் கல்லறைத் திருநாள் நெருங்கியபோது ஆலிஸுக்கு முழங்காலில் நீர் கோத்து நடக்கமுடியாமல் போனது. "சிலுவ சாஞ்சிருக்கா நிமிந்திருக்கான்னுகூட எனக்குத் தெரியாது" என்றாள். அதை இரண்டு நாள் மனத்தில் போட்டுப் புரட்டிவிட்டு, சிலுவையைப் படம் பிடித்துவந்து அவளுக்குக் காட்டலாம் என்று இராயப்பன் மடக்குக் கேமராவை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சூலியா தெருவுக்குப் போனார்.

சீனி முகம்மது அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். அவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

"சொல்லிக் குடுங்க பாய்" என்றார் இராயப்பன்.

கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். இந்த வளையம் ஆள் நிற்கும் தூரத்துக்கு. இந்த எண் கூடினால் உள்ளே வெளிச்சம் குறையும். இது கண் மூடித் திறக்கிற வேகம். உச்சி வெயிலில் இப்படி வை, மேகம் போட்டால் இப்படி வை. அவ்வளவுதான். மூன்று விஷயம். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது ஆரம்பித்தார்கள், வெயில் இறங்குவதற்குள் இராயப்பனுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. பழகிப் பார்ப்பதற்காகச் சீனி முகம்மதுவையே வாசலில் உட்காரவைத்து ஒரு படம் பிடித்தார்.

மறுநாள் அதைக் கழுவிப் போட்டுக் கொடுத்தார்கள். படம் துல்லியமாக விழுந்திருந்தது. சீனி முகம்மதுவின் தாடியில் கறுத்த முடி தனியாக, நரைத்த முடி தனியாக, எண்ணிவிடலாம்போல் தெரிந்தது. இராயப்பன் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "கிராணியாரே, உக்காருங்க" என்று சீனி முகம்மது தோளைத் தொட்டார். அவர் உட்காரவில்லை. கடையை விட்டு இறங்கி, சூலியா தெரு நெடுக வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார். மாட்டு வண்டிக்காரன் ஒருவன் அதட்டி ஒதுங்கச் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

வீட்டில் ஆலிஸ் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிட்டு வாரீங்க?"

"பாய் கடைக்கு. படம் பிடிக்கக் கத்துக்கிட்டேன்."

அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அந்த வருஷம் முழுவதும் கேட்காத ஒன்றைக் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"கஷ்டமா இருந்திச்சா?"

இராயப்பன் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"இல்ல" என்றார்.

ஆலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயத்தை உரித்தாள். அவர்கள் அன்று விளக்கேற்ற வெகுநேரமாயிற்று.